பைன் தேன் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கிரேக்க நாட்டுப் பைன் தேன் பூவிலிருந்து வருவதில்லையாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். மார்ச்சலினா ஹெலெனிகா என்ற செதில் பூச்சி பைன் மரப்பட்டை இடுக்கில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மிஞ்சிய சர்க்கரைநீரைத் துளித்துளியாக வெளியேற்றும். தேனீக்கள் சேகரிப்பது அதைத்தான். கிரேக்கத் தேனில் பாதிக்கு மேல் இப்படிக் கிடைப்பதே!

பட்டையில் பஞ்சு போல வெள்ளை மெழுகு தெரிந்தால் அடியில் பூச்சி இருக்கும். மாவுப்பூச்சி என்றே தோன்றும். ஆனால் குடும்பம் வேறு. 1883இல் ஜெனாடியஸ் என்ற ஆய்வாளர் இதை விவரித்தார். பிறகு மார்கரோடிடே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது மார்ச்சலினிடே என்று தனிக் குடும்பம். வளர்ந்த பெண் பூச்சிக்கு வாயுறுப்பே கிடையாது, முட்டையிட்டதும் மடிந்துவிடும்.

தேனுக்காக இதைப் புதிய பைன் காடுகளில் வேண்டுமென்றே பரப்பினார்கள். அது தவறு என்பேன். பல இடங்களில் மரங்கள் நலிந்து கிளைகள் காய்ந்தன. 2014இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் இந்தப் பூச்சி தென்பட்டது.