கிடார் பெட்டியின் ஸ்பீக்கரை மாற்றுவது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல பிள்ளைகள் கிடார் வாசிக்கிறார்கள். கிடாரோடு ஒரு சிறு பெட்டியும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய அதனைக் 'காம்போ' என்பார்கள். சில ஆண்டுகள் கழிந்ததும் ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கும். கடைக்குக் கொண்டுபோனால் "புதிது வாங்கிவிடுங்கள்" என்பார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை. ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அளவு பொருந்துகிறது என்பதற்காக எந்த ஸ்பீக்கரையும் மாட்டிவிடக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

எங்கள் பாலராமபுரத்துக்கு ரயில் வந்த 1979-ல் நான் பாலிடெக்னிக் மாணவன். பிறகு ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கம்பிகளோடும் ரிலேக்களோடும் காலம் கழித்தவன். அந்தத் தைரியத்தில், பேரனின் 20 வாட் பெட்டியில் கிழிந்துபோன 10 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றி, வீட்டில் சும்மா கிடந்த ஒரு கார் வூஃபரை மாட்டினேன். திருகு ஓட்டைகள்கூடப் பொருந்தின. ஒலி சற்று மந்தமாக இருந்தது. அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் பொங்கல் விழா மேடையில் இரண்டாவது பாட்டின் நடுவே கருகிய வாசனை வந்தது, பெட்டி ஊமையாகிவிட்டது. எல்லோர் முன்னாலும் பையன் கிடாரைப் பிடித்தபடி நின்றான். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தான்: "தாத்தா, நீங்க பார்த்துட்டீங்கன்னு நினைச்சேன்." கோபித்துக்கொண்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

நடந்தது என்ன? பழைய ஸ்பீக்கர் 8 ஓம். நான் மாட்டிய வூஃபர் 4 ஓம். 8 ஓமில் 20 வாட் கொடுக்கும்போது ஆம்ப்ளிஃபயர் சுமார் 12.6 வோல்ட்டில் 1.6 ஆம்பியர் தருகிறது. அதே வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 ஆம்பியர் கேட்கும். அதற்கென்று அமைக்கப்படாத டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கருகிவிடும். எங்கள் சாலியர் தெருவில் எந்த நெசவாளியைக் கேட்டாலும் சொல்வார்: நூலின் நம்பருக்குத் தக்க அச்சு வேண்டும்; தறியில் ஏறிவிட்டது என்பதற்காக நெய்துவிட முடியாது. ஸ்பீக்கரும் அப்படித்தான். ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று எண்களைப் பாருங்கள்.

முதலாவது, ஓம். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தின் பின்புறமோ, பெட்டியின் பின்பலகையிலோ எழுதியிருக்கும். அழிந்துபோயிருந்தால், பெட்டியை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளக்கலாம். மீட்டர் எப்போதும் எழுதப்பட்ட எண்ணைவிடக் குறைவாகவே காட்டும்: 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை, 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.7 வரை. டிரான்சிஸ்டர் பெட்டிக்குக் குறிப்பிட்டதைவிடக் குறைந்த ஓம் ஆகாது. கூடுதல் ஓம் கெடுதல் செய்யாது. ஒலி மட்டும் குறையும். வால்வு பெட்டியானால் ஓம் சரியாக ஒத்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் அதை ஒருபோதும் இயக்கக் கூடாது. இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகக்கூடும்.

இரண்டாவது, வாட். ஸ்பீக்கரின் வாட் ஆம்ப்ளிஃபயரின் வாட்டைவிடத் தாராளமாக இருக்கட்டும். 20 வாட் பெட்டிக்கு 30 அல்லது 40 வாட் ஸ்பீக்கர் நல்லது. முழு ஒலியில் வைத்துக் கரகரப்பாக வாசிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே தரும்.

மூன்றாவது, டெசிபல். இதைப் பலர் பார்ப்பதில்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்த ஒலி அளவு இது. இதில் 3 டெசிபல் கூடினால், ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம். செலெஸ்டியன் கம்பெனியின் 'கிரீன்பேக்' ஸ்பீக்கர் 25 வாட், 98 டெசிபல்; அவர்களுடைய 'விண்டேஜ் 30' 60 வாட், 100 டெசிபல். சிறு பெட்டியின் ஒலியைக் கூட்ட விரும்புகிறவர் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குமுன் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

எண்கள் பொருந்தினாலும், வாங்குவது கிடாருக்கென்றே செய்த ஸ்பீக்கராக இருக்க வேண்டும். வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கர்கள் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க முயல்கின்றன. கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தணிந்துவிடும். அதனால்தான் கரகரப்பைக் கூட்டி வாசிக்கும்போதும் காதைக் குத்துவதில்லை. கார் வூஃபர் அதற்கும் கீழேயே நின்றுவிடும். எனக்கு ஒலி மந்தமாகக் கேட்டதன் காரணம் அதுதான்.

இனி வேலைக்கு வருவோம். சிக்னல் பிரிவில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்காமல் ஒரு கம்பியைத் தொட முடியாது. வீட்டிலும் அந்த ஒழுங்கு வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வால்வு பெட்டிக்குள் உள்ள கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300, 400 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்து. அந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

டிரான்சிஸ்டர் பெட்டியானால், மடித்த துணியின்மேல் முகம் கவிழ்த்து வையுங்கள். எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று எழுதிக்கொண்டு கழற்றுங்கள். புதிய ஸ்பீக்கரின் காந்தம் பெரிதாக இருந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் இடிக்கிறதா என்று முன்பே ஆழத்தை அளந்து பாருங்கள். திருப்புளியைக் காந்தம் இழுக்கும். கை நழுவினால் காகிதக் கூம்பு கிழிந்துவிடும். எந்த முனை பாசிட்டிவ் என்று குறி இல்லையென்றால், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு முன்னால் நகர்ந்தால், பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பாசிட்டிவ். கார்ச் சக்கரத்துக்குச் செய்வதுபோல எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றி முடுக்குங்கள். மிகவும் இறுக்கினால் சட்டம் வளையும். கடைசியாக, கம்பி முனையில் ஒருமுறை ஓம் அளந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். முதலில் ஒலியைக் குறைத்தே வையுங்கள். புது ஸ்பீக்கர் சில மணி நேரம் வாசித்த பிறகே இளகும்.

எங்கள் பெட்டியின் கருகிய பாகத்தை ஒரு மெக்கானிக் மாற்றித் தந்தார். புதிய ஸ்பீக்கர் வந்த அன்று நான் திருப்புளியைத் தொடவில்லை. மீட்டரைப் பேரன் கையில் கொடுத்தேன். 6.8 என்று காட்டியது. "எட்டு ஓம்தானே தாத்தா?" என்று கேட்டுவிட்டு, காந்தத்தின் பின்னால் எழுதியிருந்ததையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். அடுத்த பொங்கலுக்கு மூன்று பாட்டும் முழுதாக வாசித்தான்.