பாலத்தைக் காக்குமா எந்திரக் கண்?

அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரின் அருகே மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் பெரிய எஃகுப் பாலம் ஒன்று உண்டு. அது 1973-இல் திறக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் பரிசோதனைக்காக அதன்மேல் சென்ற பொறியாளர்கள் திடுக்கிட்டு நின்றனர். பாலத்தின் வில் வளைவு இரு பக்கமும் விரிந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கும் உத்திரத்தில் ஒரு பெரும் முறிவு! அவர்கள் உடனே அவசர உதவிக்கான தொலைபேசி எண்ணை அழைத்து, பாலத்திலிருந்து வாகனங்களை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். மேலே சாலை மூடப்பட்டது. கீழே ஆற்றில் படகுப் போக்குவரத்தும் சில நாள்கள் நின்றது. பழுது பார்த்து முழுவதும் திறந்துவிட ஆகஸ்ட் மாதம் ஆயிற்று.

வியப்பு இனிமேல்தான் வருகிறது. 2019 மே மாதத்திலேயே, ட்ரோன் எனப்படும் ஆளில்லாக் குறுவிமானம் ஒன்று இந்தப் பாலத்தைப் படம் பிடித்திருந்தது. அந்தப் படத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தால், அதே உத்திரத்தில் அதே சேதம் தெரிகிறது! காமிரா கண்டது, மனிதர் எவரும் கவனிக்கவில்லை. பாலத்தை ஆண்டுதோறும் சோதித்தவர்களும் குறிப்பிடவில்லை.

பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுச் சுவரை நாள்தோறும் பார்க்கிறீர்கள். அதில் எத்தனை விரிசல்கள், எந்த மூலையில் என்று இப்போதே சொல்ல முடியுமா? ஆயிரக்கணக்கான படங்களை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால், முதல் நூறு படங்களில் இருக்கும் கூர்மை கடைசி நூறில் இராது. கணிப்பொறிக்கோ களைப்பு இல்லை. ஆகவேதான், பாலம், அணை, சுரங்கப்பாதை ஆகியவற்றைச் சோதிக்கும் வேலையில் செயற்கை நுண்ணறிவைச் சேர்க்கலாம் என்று பல நாடுகளில் முயன்று வருகிறார்கள்.

கணிப்பொறி எவ்வாறு விரிசலைக் ‘காண்கிறது’? அதற்குப் படம் என்பது எண்களால் ஆன கட்டம்தான். வெளிச்சமான புள்ளிக்குப் பெரிய எண், இருண்ட புள்ளிக்குச் சிறிய எண். விரிசல் இருண்டது, நீளமானது, ஒல்லியானது. எனவே, சிறிய எண்கள் ஒரு கோடாக வரிசையாய் வந்தால் விரிசல் என்று விதி எழுதிவிடலாமே என்று தோன்றும். முன்பு அப்படித்தான் எழுதிப் பார்த்தார்கள். ஆனால் ஒட்டடையும் இருண்ட கோடுதான். மழைநீர் வழிந்த தடமும், கம்பியின் நிழலும், இரண்டு பலகைகள் சேரும் இணைப்பும் அவ்வாறே.

இப்போதைய முறை வேறு. வல்லுநர்கள் பல்லாயிரம் படங்களில் ‘இது விரிசல்’, ‘இது ஒட்டடை’ என்று குறியிட்டுக் கொடுக்கிறார்கள். கணிப்பொறி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விடை சொல்கிறது; தவறினால், தன்னுள் இருக்கும் இலட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. இப்படித் திருத்தித் திருத்தி வேற்றுமையைத் தானே பிடித்துக்கொள்கிறது. குழந்தைக்கு யாரும் பூனையின் இலக்கணத்தைச் சொல்வதில்லை. பல பூனைகளைக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காங்கிரீட்டில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஏராளம், பெரும்பாலானவை தீங்கற்றவை. மெம்ஃபிஸ் உத்திரத்தில் கண்டது போன்ற எஃகு முறிவுகள் மிக அரியவை. ஆகவே எந்திரத்துக்குக் காட்டத் தீங்கற்ற விரிசலின் படங்கள் எத்தனையோ கிடைக்கின்றன. உயிர்க்கொல்லி விரிசலின் படங்கள் கொஞ்சமே கிடைக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு பாலத்தை 1,00,000 படங்கள் எடுக்கிறோம். 10 படங்களில் மட்டும் அபாயமான விரிசல் இருக்கிறது. ஒரு சோம்பேறி எந்திரம், எதையும் பாராமல் எல்லாவற்றுக்கும் ‘விரிசல் இல்லை’ என்று சொல்லிவிடுகிறது. 99,990 விடைகள் சரி! நூற்றுக்கு 99.99 மதிப்பெண். பாலத்துக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை.

இன்னோர் எந்திரம் உண்மையாக உழைக்கிறது. 10 விரிசல்களில் 9-ஐப் பிடிக்கிறது. நல்ல படங்களில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாக விரிசல் என்கிறது. அப்படியானால் ஏறத்தாழ 1,000 பொய் எச்சரிக்கை, 9 மெய் எச்சரிக்கை. ஒரு இலட்சம் படங்களுக்குப் பதில் 1,009 படங்களைப் பார்த்தால் போதும் என்பது பெரிய உதவிதான். ஆனால் ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய சிறுவனின் கதை தெரியுமல்லவா? ஐந்நூறு பொய்களைத் தள்ளிய கை, அடுத்து வரும் மெய்யையும் தள்ளிவிடக்கூடும். விட்டுப்போன பத்தாவது விரிசலோ எச்சரிக்கையே இல்லாமல் கிடக்கிறது. எந்திரத்தின் சந்தேகக் குணத்தைக் கூட்டினால் அது அகப்படலாம். பொய் எச்சரிக்கைகளும் பெருகும். ‘99 சதவீதம் துல்லியம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், எத்தனை விரிசலை விட்டது, எத்தனை முறை வீணாகக் கூவியது என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் விரிசலைப் பற்றியது. தெரியாத விரிசலை என்ன செய்வது?

அதே அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின்மேல் 1928-இல் ‘வெள்ளிப் பாலம்’ திறக்கப்பட்டது. அது தொங்கு பாலம். ஆனால் கம்பி வடத்தில் தொங்கவில்லை. சைக்கிள் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் துளையுள்ள நீண்ட எஃகுப் பட்டைகளை ஊசிகளால் கோத்து, அத்தகைய சங்கிலியில் பாலத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே பட்டைகள். 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் மாலை, வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற வேளையில் ஒரு பட்டை அறுந்தது. பாலம் முழுவதும் ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டனர். ஆராய்ந்தபோது, அந்தப் பட்டையின் துளையருகே சுமார் 2.5 மி.மீ. ஆழமே உள்ள ஒரு விரிசலிலிருந்து முறிவு தொடங்கியது தெரிந்தது. அது இருந்த இடமோ இணைப்பின் உள்ளே. சங்கிலியைக் கழற்றாமல் எவராலும் கண்டிருக்க முடியாது. எத்தனை ட்ரோன் பறந்தாலும் படத்தில் அகப்பட்டிராது. அந்த விபத்துக்குப் பின்னரே, 1971-இல், அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான பாலப் பரிசோதனை விதிகள் வந்தன.

கண் எட்டாத இடத்தில் காது எட்டும். சந்தையில் மண்பானை வாங்குபவர்கள் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். கீறல் விழுந்த பானையின் ஓசை வேறு. பொறியாளர்களும் காங்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிக் கேட்கிறார்கள். பாலத்தின் தளத்தில் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டே நடப்பதும் உண்டு; உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் ஓசை பொள்ளலாக மாறும். ஜப்பானில் 2012 டிசம்பர் 2-ஆம் நாள் சசாகோ சுரங்கப்பாதையின் மேற்கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தனர். அதன் பிறகு அங்கே பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை அருகில் சென்று சோதிக்க வேண்டும் என்று விதித்தார்கள். தட்டும் ஓசையைக் கேட்டுப் பழுதை அறியக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் வேலையும் அங்கு நடக்கிறது. இது எனக்குப் படம் பார்க்கும் எந்திரத்தைவிட நம்பிக்கை தருகிறது. மேற்பரப்புக்கு உள்ளே இருப்பதை அது விசாரிக்கிறதல்லவா?

இத்தாலியின் ஜெனோவா நகரில் இன்னொரு வழியை மேற்கொண்டார்கள். வெள்ளிப் பாலம் வீழ்ந்த அதே 1967-இல் அங்கே திறக்கப்பட்ட மொராண்டி பாலம், 2018 ஆகஸ்ட் 14-ஆம் நாள் இடிந்து 43 பேரைப் பலி கொண்டது. அதைத் தாங்கிய எஃகு இழைகள் காங்கிரீட்டுக்குள் பொதிந்து கிடந்தன. அரிப்பு வெளியே தெரியவில்லை. 2020-இல் திறந்த புதிய பாலத்தில், அடிப்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டே ஊர்ந்து செல்லும் எந்திரங்களை அமைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் எடுப்பதால், இன்றைய படத்தைப் பழைய படத்துடன் ஒப்பிடலாம். ‘இது விரிசலா?’ என்ற கேள்வியைவிட ‘இது வளர்ந்திருக்கிறதா?’ என்ற கேள்விக்கு விடை சொல்வது எந்திரத்துக்கு எளிது. பொறியாளருக்கும் அதுவே தேவை.

வளர்ச்சியை அறியும் இந்த முறையை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ சுவரில் ஒரு விரிசலைத் தேர்ந்தெடுங்கள். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடிட்டு, அருகே தேதியை எழுதுங்கள். விரிசலின் குறுக்கே கொஞ்சம் சுண்ணச் சாந்தை மெல்லிய பட்டையாகப் பூசிக் காயவிடுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே தொலைவில் நின்று, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். மழைக்காலம் முடிந்த பிறகு பாருங்கள். சாந்து கீறியிருந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். அப்போது வீட்டுப் பெரியவர்களிடமோ ஆசிரியரிடமோ படங்களை வரிசையாகக் காட்டுங்கள்.