தூளியில் நிற்கும் மாடு



தம்பி, மாட்டின் எலும்புக்கூட்டைப் பற்றி நீ எழுதி, படமும் நீயே வரைந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குளம்புக்கு மேலே இருக்கும் அந்த நீண்ட கால் எலும்பை நீ வரைந்திருப்பது அபாரம். இரண்டு எலும்புகள் ஒட்டி ஒன்றானதன் தடமாக முன்பக்கம் ஓடும் மெல்லிய பள்ளம், கீழ்முனையில் அதுவே இரண்டு உருளைகளாகப் பிரிந்து இரண்டு குளம்புகளுக்கு வழிவிடும் இடம், எல்லாமே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கின்றன. அவ்வளவு கூர்ந்து பார்த்த கண் தோளுக்கு வந்ததும் ஏன் மூடிக்கொண்டது என்பதுதான் என் ஆற்றாமை. முன்னங்காலை உடலோடு இணைக்க ஒரு காறை எலும்பை வரைந்திருக்கிறாய். மாட்டுக்குக் காறை எலும்பே கிடையாது. ஆட்டுக்கும் குதிரைக்கும் கிடையாது. பூனைக்கு ஒரு சிலாம்பு அளவில் உண்டு. அதுவும் எந்த எலும்பையும் தொடாமல் தசைக்குள் மிதக்கிறது.

இது கைதவறி வந்த கோடு அல்ல. “முதுகெலும்புதான் சேசிஸ், நான்கு மூலையில் பூட்டிய சக்கரங்கள்தான் கால்கள்” என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரகடத்தில் பகலெல்லாம் காருக்கு சஸ்பென்ஷன் பாகங்கள் வரைகிறவனுக்கு அந்த உவமை தானாக வரும். பின்பாதிக்கு அது பொருந்தவும் செய்யும். தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. இடுப்பெலும்பு முதுகெலும்போடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. பின்னங்கால் தள்ளினால் அந்தத் தள்ளல் எலும்பு வழியாகவே முதுகுக்குப் போகும். முன்பாதியில் அப்படி ஒரு பூட்டு எங்கேயும் இல்லை. இரண்டு பக்கமும் தோள்பட்டை எலும்புகள் தனித்து நிற்க, அவற்றின் உள்பக்கத்திலிருந்து விலா எலும்புகளுக்கு விசிறிபோல விரிந்து இறங்குகிறது ஒரு தசை. அந்தத் தசைதான் தூளி. மாட்டின் மார்புக்கூடு முழுவதும் அதில் குழந்தைபோலத் தொங்குகிறது. நிற்கும் மாட்டின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. குதிரைக்கு அது சுமார் 60 சதவீதம். இவ்வளவு பாரமும் எலும்புக்கு எலும்பு மூட்டு இல்லாமல் தாங்கப்படுகிறது என்பதுதான் இந்த உடலின் பெரிய செய்தி. உன் படத்தில் இல்லாமல் போனது அதுதான்.

தவறு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. நிறுத்திவைத்த எலும்புக்கூட்டைப் பார்த்து வரைந்திருப்பாய். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியானாலும் சரி, உலகின் எந்த அருங்காட்சியகமானாலும் சரி, தசை போன பிறகு தோள்பட்டை எலும்பு நிற்காது. கம்பியோ திருகாணியோ வைத்துத்தான் விலாவோடு சேர்க்க வேண்டும். பார்க்கிறவன் அந்தக் கம்பியை மூட்டு என்று நினைத்துவிடுகிறான். பின்னங்காலைப் பற்றி எலும்புக்கூடு உண்மை சொல்லும். முன்னங்காலைப் பற்றி அது சொல்வதை நம்பாதே. அதற்குக் கறிக்கடைக்காரரின் கத்தியே நல்ல சாட்சி. உங்கள் பக்கத்து ஆடான மெட்ராஸ் சிவப்பை உரித்துத் தொங்கவிட்டிருக்கும்போது பார். முன்சப்பையை எடுக்க வெட்டுக்கத்தியை ஓங்கவே வேண்டாம். சின்னக் கத்தி விலாவை ஒட்டி வழுக்கிக்கொண்டே போக, கால் தோள்பட்டையோடு மொத்தமாகக் கையில் வந்துவிடும். பின்தொடையை அப்படி எடுக்க முடியாது. கிண்ணத்திலிருந்து எலும்பின் தலையைத் திருப்பிக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வெட்ட வேண்டும்.

தசை என்றால் களைத்துப் போகாதா, நாளெல்லாம் நிற்கும் மாடு எப்படித் தாங்கும் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. மாடு, குதிரை போன்ற கனத்த விலங்குகளில் அந்தத் தசைக்குள் நாண்போன்ற உறுதியான இழைகள் படலமாக ஊடியிருக்கின்றன. பாரத்தில் பெரும்பங்கை அவையே வாங்கிக்கொள்கின்றன. எலும்பு மூட்டு ஒன்றையே வைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்குமே என்றால், நமக்குக் காறை எலும்பு கையைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிப்பதற்காக இருக்கிறது. மாட்டுக்கு அந்த வேலை இல்லை. அதற்கு வேண்டியது முன்னும் பின்னுமான வீச்சு. பூட்டு இல்லாததால் தோள்பட்டையே விலாவின் மேல் சறுக்கி எட்டை நீட்டுகிறது. கால் ஊன்றும் அதிர்ச்சி முதுகுக்குப் போகுமுன் தூளியிலேயே அடங்குகிறது. உங்கள் லாரிகளின் ஸ்பிரிங் பட்டை செய்யும் வேலைதான் இது. சேசிஸ் உவமையைக் கைவிட வேண்டாம் தம்பி, பாதியில் நிறுத்திவிட்டாய் என்றுதான் சொல்கிறேன்.

பொது வாசகனுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். காறை எலும்பை வரைந்ததால் உன் மாட்டின் நெஞ்சு அகன்று, முன்னங்கால்கள் மல்யுத்த வீரனைப்போலப் பரந்து நிற்கின்றன. எலும்பின் பெயரே தெரியாதவனுக்கும் அது மாடு மாதிரி இல்லை என்று தோன்றும். திமிலிலும் இதே கோளாறு. முதுகெலும்பின் முட்களை நீட்டித் திமிலுக்குள் நிரப்பியிருக்கிறாய். காங்கேயம் காளையின் திமில் எவ்வளவு உயரமானாலும் அது தசையும் கொழுப்பும்தான். அகழாய்வில் கிடைக்கும் எலும்பை வைத்துத் திமில் மாட்டை அடையாளம் காண்பவர்கள் நீண்ட முள்ளைத் தேடுவதில்லை. மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் சிலவற்றின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பிளவை நீ வரையவில்லை.

ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் 1750-களில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, செத்த குதிரைகளைக் கொக்கிகளில் நிற்கிற பாவனையில் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு என்று ஒவ்வொரு அடுக்காக உரித்து மாதக்கணக்கில் வரைந்தார். செதுக்கித் தர ஆள் கிடைக்காமல் தகடுகளையும் தானே செதுக்கி 1766-ல் புத்தகமாக வெளியிட்டார். எலும்பை வரையும்போது அதன் மேலிருந்த தசையை அவர் கை அறிந்திருந்தது. உன்னிடம் அந்தக் கை இருக்கிறது என்பதற்கு நீ வரைந்த கால் எலும்பே அத்தாட்சி.

கழிவு இரும்பில் ஒரு காளை செய்யப்போவதாகக் கட்டுரையின் கடைசியில் எழுதியிருக்கிறாய். வெல்டிங் வைக்குமுன் வல்லம் சாலையோரம் மேயும் மாடுகளில் மெலிந்த ஒன்றாகப் பார்த்து, அதன் பக்கவாட்டில் நில். அது ஓர் எட்டு எடுத்துவைக்கும்போது தோள்பட்டையின் மேல்விளிம்பு தோலுக்கடியில் எழும்பி, விலாவின் மேல் சறுக்கி, மறுபடி அமர்வது தெரியும். அதை வரைந்து எனக்கு அனுப்பு.