எட்டாவதோட முடிஞ்சு போற உரிமையா?

இந்தத் தடவை சுவரிதழில் சமூக அறிவியல் பக்கம் எழுத என் முறை. நான் எழுதப் போவது நீதிமன்றங்களைப் பற்றி. ‘கோர்ட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்’னு தாண்டிப் போயிடாதீங்க. முதல்ல நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன வருடம் எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இந்த வருடம் பள்ளிக்கு வரவில்லை. அவங்க அம்மாவோட அளத்துக்குப் போறா. காலையில் நான் பையைத் தூக்கிட்டு வரும்போது அவள் பாத்தியில் உப்பு வாரிக்கிட்டு இருப்பா. என்னைப் பார்த்தா கை காட்டுவா. அவங்க அப்பாகிட்ட ஏன்னு கேட்டேன். “எட்டாவது வரைக்கும்தாம்மா சட்டம். அதுக்கு மேல அவங்கவங்க வசதி” என்றார்.

அது உண்மையா என்று டீச்சரிடம் கேட்டேன். “பாதி உண்மை. மீதியை நீயே தேடி எழுது” என்றார்கள். அப்படித் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

நீதிமன்றப் படிக்கட்டு

நம்ம பக்கத்து வழக்குகள் முதலில் திண்டிவனம், விழுப்புரம் நீதிமன்றங்களுக்குப் போகும். அதற்கு மேல் சென்னை உயர்நீதிமன்றம். அது 1862-ல் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே டெல்லியில் உச்சநீதிமன்றம். கீழே சொன்ன தீர்ப்பு சரியில்லை என்று நினைத்தால் மேலே போய்க் கேட்பதற்கு மேல்முறையீடு என்று பெயர். அளத்தில் மேஸ்திரி எண்ணின கூடைக் கணக்கு தப்புன்னா, முதலாளிகிட்ட போய் ‘மறுபடி எண்ணுங்க’ன்னு கேட்கிற மாதிரி.

இன்னொரு வழியும் இருக்கிறது. அடிப்படை உரிமையை அரசாங்கமே பறித்தால் கீழ்ப்படியில் ஏற வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 226-வது பிரிவுப்படி நேராக உயர்நீதிமன்றத்துக்கும், 32-வது பிரிவுப்படி நேராக உச்சநீதிமன்றத்துக்கும் போகலாம். 32-வது பிரிவைத்தான் டாக்டர் அம்பேத்கர் அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று சொன்னார்.

அமெரிக்காவில் மாநிலங்களுக்குத் தனிப் படிக்கட்டு, மத்திய அரசுக்குத் தனிப் படிக்கட்டு. மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மட்டும் அங்கே 13. நம் நாட்டில் எல்லாருக்கும் ஒரே படிக்கட்டுதான். உயர்நீதிமன்றங்கள் 25.

ஒன்பதாம் வகுப்பு மாணவி போட்ட வழக்கு

இந்தப் படிக்கட்டில் நம்மை மாதிரிப் பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்கள். கேரளாவில் ஒரு பள்ளியில் அண்ணன் பத்தாம் வகுப்பு, தங்கை ஒன்பதாம் வகுப்பு, சின்னத் தங்கை ஐந்தாம் வகுப்பு படித்தார்கள். தினமும் தேசிய கீதம் பாடும்போது மூன்று பேரும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். அவர்களுடைய மத நம்பிக்கை அப்படி. 1985 ஜூலையில் அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள்.

அப்பா பிள்ளைகளுக்காகக் கேரள உயர்நீதிமன்றம் போனார். ஒரு நீதிபதி மட்டும் விசாரித்தார். தோல்வி. அங்கேயே இரண்டு நீதிபதிகளிடம் மேல்முறையீடு செய்தார். அதிலும் தோல்வி. பிறகு உச்சநீதிமன்றம் போனார்கள். 1986 ஆகஸ்ட் 11-ல் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் தீர்ப்புச் சொன்னார்கள். எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடித்தான் ஆகணும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அதனால் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இதற்குப் பெயர்.

நான் தேசிய கீதத்தைச் சத்தமாகப் பாடுகிறவள்தான். இருந்தாலும் இதைப் படித்தபோது ஒன்று புரிந்தது. இரண்டு தடவை தோற்ற பிறகு ‘போதும்’னு அவங்க வீட்டுக்குப் போயிருந்தால், பேச்சுரிமைக்குள்ளே பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு என்பது நமக்குத் தெரிந்திருக்காது.

ஒரு வரி வளர்ந்த கதை

அரசியலமைப்பில் 21-வது பிரிவு ஒரே ஒரு வரி. சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பதுதான் அதன் கருத்து. பள்ளி, கூலி, பிழைப்பு எதுவும் அதில் இல்லை. அது வளர்ந்த விதம் இது:

1950: கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசுக்கு எதிராக உச்சநீதிமன்றம் போனார். விசாரணை இல்லாமல் தன்னைச் சிறையில் வைத்தது தவறு என்றார். ஒரு சட்டம் இருந்தால் போதும், அது நியாயமா என்று இந்தப் பிரிவை வைத்துக் கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

1978: மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு காரணம் சொல்லாமல் எடுத்துக்கொண்டது. இந்த வழக்கில் உச்சநீதிமன்றம் பழைய கருத்தை மாற்றியது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அந்த முறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது.

1985: பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரி, அதனால் பிழைப்பும் 21-க்குள் அடங்கும் என்றது.

1993: உன்னிகிருஷ்ணன் வழக்கு. 14 வயது வரை இலவசக் கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை உரிமை என்றது.

2002: பாராளுமன்றம் 86-வது திருத்தத்தால் 21-ஏ என்று புதுப் பிரிவே சேர்த்தது. அதற்கான கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பாருங்க, முதலில் நீதிமன்றம் சொன்னது, பிறகுதான் சட்டமே வந்தது.

அந்த 14 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1950-லேயே 45-வது பிரிவில், பத்து வருடத்துக்குள் 14 வயது வரை எல்லாருக்கும் இலவசக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நீதிபதிகள் அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நாட்டால் முடிந்த அளவு அது. பதினாலு வயசுக்கு மேல் படிப்பு வேண்டாம் என்று யாரும் எழுதவில்லை.

தீர்ப்பில் நம்ம உப்பளம்

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் அய்யா தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஏழை விவசாயிகளுக்காகப் பாடுபட்டவர். இறால் பண்ணைகளால் வயலும் குடிதண்ணீரும் உப்பாகுது என்று 1994-ல் உச்சநீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. விவசாய நிலம், உப்பள நிலம், சதுப்புக்காடு, கிராமப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று அதில் இருக்கிறது. டெல்லித் தீர்ப்பில் உப்பளம் என்று படித்ததும் எனக்கு எங்க அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டணும் போல இருந்தது. ஆனால் அத்தோடு முடியவில்லை. 2005-ல் பாராளுமன்றம் வேறு சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்தலாம் என்று வழி செய்தது. நீதிமன்றம் சொல்வதே கடைசி வார்த்தையாக எப்போதும் இருப்பதில்லை.

மேல்கோர்ட்டும் தவறும்

மேலே போனால் நியாயம் கிடைத்துவிடும் என்று எழுதினால் அது பொய். அவசரநிலைக் காலத்தில், காரணமில்லாமல் சிறையில் வைத்தவர்கள் நீதிமன்றம் வரலாம் என்று 9 உயர்நீதிமன்றங்கள் சொல்லின. 1976-ல் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, வரமுடியாது என்றது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாட்டேன் என்று தனியாக எழுதினார். 2017-ல் தனியுரிமை வழக்கில் 9 நீதிபதிகள் அந்த 1976 தீர்ப்பு தவறு என்று சொன்னார்கள். 41 வருடத்துக்கு மேல் ஆனது.

என் தோழிக்கு என்ன பதில்?

அவங்க அப்பா சொன்னது பாதி உண்மைதான். கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடிய. மீதி பாதி என்னவென்றால், நம் அரசுப் பள்ளிகளில் 12-ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் கிடையாது. புத்தகம் உண்டு, பஸ் பாஸ் உண்டு, பத்தாவது வரை சத்துணவு உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகக் கதவை யாரும் மூடவில்லை.

இதையெல்லாம் அளத்துக் கரையில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். கேட்டுட்டு, “கோர்ட்டுக்குப் போக யாருகிட்டடி காசு இருக்கு?” என்று சிரித்தாள். அதற்கும் பதில் தேடினேன். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஆனால் அவளுக்கு இப்போது தேவை வக்கீல் இல்லை. வீட்டில் ஒருத்தர் ‘போ’ன்னு சொல்லணும். டீச்சரும் நானும் போய்ப் பேசினோம். அவங்க அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. கடைசியில், “மழை வந்தா அளம் நின்னுடும், அப்ப அனுப்பறேன்” என்றார்கள். கையில் உப்பு அரிச்ச புண்ணுக்குத் துணி சுத்தியிருந்தது. அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

மழை வரும் வரைக்கும் பாட நோட்ஸை அவளுக்கு ஒரு காப்பி எழுதி வைக்கிறேன். கணக்குப் பாடத்துக்கு யாராவது உதவி செய்தால் நன்றி.

உங்களுக்குத் தெரியுமா?
அரசு ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று 2001 நவம்பர் 28-ல் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. நம் மாநிலத்தில் 1982-லேயே சத்துணவுத் திட்டம் வந்துவிட்டது.

யோசித்து விடை எழுதி டீச்சரிடம் கொடுங்கள்:
1. பதினாலு என்ற எண்ணைப் பதினெட்டாக மாற்ற வேண்டுமானால் யார் யாரால் முடியும்?
2. உங்கள் தெருவில் எட்டாவதோடு நின்றவர்கள் எத்தனை பேர்?

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி