டயட் இருந்தும் எடை இறங்க மறுப்பது ஏன்?

கேள்வி: ஆறு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். முதலில் இறங்கிய எடை இப்போது அசையவே இல்லை. மன உறுதி போதவில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: அப்படிச் சொல்வது நியாயமல்ல. எடை இறங்கும்போது உடல் அதைப் பஞ்சமாக எடுத்துக்கொண்டு, செலவைச் சுருக்கிப் பசியைக் கூட்டுகிறது. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்க எடைக்குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனாலும் ஓய்வில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது.

‘உண்மையில் அதிகம் சாப்பிடுகிறார்கள்’ என்ற மறுப்பிலும் உண்மை உண்டு. டயட் பலிக்கவில்லை என்றவர்களை ஆராய்ந்து 1992இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், உண்டதில் ஏறக்குறைய பாதி அவர்கள் கணக்கில் வரவில்லை. இது பொய் அல்ல, கண்ணளவின் பிழை. தாளிக்க ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. தோசையைச் சுற்றி விடுவதை யார் எண்ணுகிறார்கள்? பசி கூடினால் அந்தப் பிழையும் கூடும். ஆக, முதல் காரணம் இரண்டாவதையும் வளர்க்கிறது. எனவே இன்னும் பட்டினி கிடக்காதீர்கள். ஒரு வாரம் எண்ணெயையும் சர்க்கரையையும் அளந்து பாருங்கள். பருப்பு, முட்டை போன்ற புரதத்தைக் கூட்டுங்கள். தசையைக் காக்கும் பயிற்சி செய்யுங்கள். தைராய்டையும், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இறங்கிய எடை ஏறாமல் நிற்பதே பெரிய வெற்றி.