குட்டியின் ராத்திரிக்கு நீதான் காவல்

மார்கழி பிறந்தால் கீழ்புத்துப்பட்டில் ஏதாவது ஒரு தெருவில் தாய்நாய் குட்டி போட்டிருக்கும். கொஞ்ச நாளில் அதில் ஒன்றை யாரோ ஒரு பிள்ளை சட்டைக்குள் பொத்தி வீட்டுக்குக் கொண்டுபோகும். மூன்றாம் நாள் காலையில் அதே பிள்ளை கண் சிவந்து என் திண்ணைக்கு வரும். “தாத்தா, ராத்திரி முழுக்கக் கத்துது. பாயெல்லாம் நனைச்சிடுச்சு. திரும்பக் கொண்டுபோய் விட்டுடட்டுமா?”

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரிப் பிழைத்தவன் நான். ஆறு நாய் வளர்த்திருக்கிறேன். நம் ஊரில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் இருக்கிறார். ராத்திரியில் குதிரையேறி எல்லையைச் சுற்றி வருகிற அய்யனாருக்கே துணைக்கு நாய் உண்டு என்பார்கள். அந்த நாயும் ஒரு காலத்தில் குட்டியாக இருந்து எவர் திண்ணையையோ நனைத்துத்தான் இருக்கும். வீட்டைக் காக்கத்தானே நாய் வளர்க்கிறோம்? அதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் அதன் ராத்திரியை நீ காக்க வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்காதே. பிரித்த முதல் ராத்திரி அது கத்துவது பெரும்பாலும் பசியால் இல்லை. பிறந்ததிலிருந்து ஐந்தாறு உடம்போடு ஒட்டிக் குவியலாகத் தூங்கியது, இன்றைக்குத்தான் தனியாகப் படுக்கிறது. தாய் படுத்த கோணித் துண்டு ஒன்றைச் சேர்த்து எடுத்து வா. அந்த வாசனை பாதி அழுகையை அடக்கும். முதல் வாரம் உன் பாய்க்குப் பக்கத்திலேயே படுக்க வை. கையை நீட்டினால் அதன் முதுகில் படுகிற தூரம் போதும். பிறகு நாளுக்கு ஒரு சாண் தள்ளிக்கொண்டே போய் வாசலில் சேர்த்துவிடலாம். முதல் நாளே கொல்லையில் கட்டினால் உனக்கும் தூக்கமில்லை, தெருவுக்கும் தூக்கமில்லை.

2. கணக்கைத் தெரிந்துகொள். குட்டிக்கு எத்தனை மாதமோ, அதோடு ஒன்று கூட்டு. ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதால் மூத்திரத்தை அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கும். பெரும்பாலான குட்டிகள் நாலு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் ராத்திரி முழுக்கத் தாங்கிவிடும். அதற்குள் பை வளர வேண்டும். பை வளராமல் பாடம் ஏறாது. அடித்தால் பை பெரிதாகிவிடுமா?

3. அது கத்தி உன்னை எழுப்புமுன் நீ எழுந்துவிடு. கத்தினால்தான் ஆள் வரும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அப்புறம் சும்மாவும் கத்தும். பத்து மணிக்குப் படுக்குமுன் ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை வெளியே தூக்கிப் போ. வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பத்து மணி முறை. விடியுமுன்னே உப்பளத்துக்குக் கிளம்புகிறவருக்கு நாலு மணி முறை. நடுவில் உள்ளதைத் தாத்தாவிடம் விடு. எழுபது வயதில் எனக்கும் குட்டிக்கும் ஒரே கணக்குத்தான், இரண்டு பேருமாகப் போய் வந்துவிடுவோம். வாரத்துக்கு வாரம் அந்த நேரத்தைக் கால் மணி, அரை மணி என்று தள்ளிப் போடு.

4. வெளியே போனால் வேலை மட்டும். தினமும் ஒரே மூலை, ஒரே சொல். “ம், போ” என்றாலும் சரி, அதையே சொல். தூக்கிக்கொண்டே போ. நடக்க விட்டால் வாசற்படியிலேயே முடித்துவிடும். டார்ச்சை முன்னால் அடித்துப் பார்த்த பிறகு காலை வை. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், நம் ஊர்க் கோயில்காடும் தூரமில்லை. ஐந்து நிமிடம் அசையாமல் நில். போனதும், அந்த நொடியே, முதுகில் தடவி மெல்லப் பாராட்டு. உள்ளே வந்த பிறகு பாராட்டினால் உள்ளே வந்ததற்குத்தான் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும். நடுராத்திரியில் கொஞ்சலும் விளையாட்டும் கூடாது. நீ ஒருநாள் விளையாடினால் அது தினமும் இரண்டு மணிக்கு விளையாடக் கூப்பிடும்.

5. ராத்திரிக்குக் கருவாட்டுச் சோறு போடாதே. இந்தக் கடற்கரையில் பலர் செய்கிற தப்பு இதுதான். உப்பு உள்ளே போனால் தாகம், தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்குப் பாய். கடைசிச் சோறு படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னால் முடியட்டும். தண்ணீர்ச் சட்டியைப் படுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது எடுத்துவிடலாம். ஆனால் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் எடுக்காதே, குட்டி வாடிவிடும். மாட்டுப்பால் நிறையக் கொடுத்தால் பல குட்டிகளுக்கு வயிறு போகும். பாத்தித் தண்ணீரையும் கடல் தண்ணீரையும் நக்க விடாதே, அந்த உப்பு குட்டிக்கு விஷம்.

6. படுக்கை சின்னதாக இருக்கட்டும். படுத்த இடத்தை நனைக்க நாய்க்குப் பிடிக்காது. அது நீட்டிப் படுக்க, ஒரு சுற்றுச் சுற்ற இடம் இருக்கிற அட்டைப்பெட்டி போதும். பெரிய பெட்டி கொடுத்தால் ஒரு மூலை படுக்கை, ஒரு மூலை கக்கூஸ் என்று பங்கு பிரித்துவிடும். கோழியைக் கவிழ்க்கிற கூடைக்குள் மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதே. வெளியே வர வழியில்லாமல் படுக்கையிலேயே போய்ப் பழகிய குட்டியைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

7. மூக்கைப் பிடித்துத் தேய்க்காதே. என் முதல் நாய்க்கு நான் இந்தப் பாவத்தைச் செய்தேன். நனைத்த இடத்தில் மூக்கைத் தேய்த்து, முதுகில் ஒன்று வைத்தேன். ஒரு வாரத்தில் தரை சுத்தமாகிவிட்டது, பாடம் படித்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க டிரங்குப் பெட்டியை நகர்த்தினால் அதன் பின்னால் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. வீட்டுக்குள் போகக் கூடாது என்று அது படிக்கவில்லை. என் கண்முன் போகக் கூடாது என்றுதான் படித்திருந்தது. அதனால் வெளியே கூட்டிப்போனாலும் என் எதிரில் போகப் பயந்தது. அந்தப் பயத்தைப் போக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

8. நனைத்த இடத்தை வாசனை போகக் கழுவு. ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய் மூக்கு அடியில் இருக்கிற பழைய வாசனையைக் கண்டுபிடித்து மறுபடி அங்கேயே போகும். முதலில் துணியால் ஒற்றி எடு, சோப்புத் தண்ணீரால் கழுவு, பிறகு வினிகரில் தண்ணீர் கலந்து துடை. மண் தரை என்றால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுமண் போட்டு மெழுகு. மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் கொட்டாதே, மூச்சடைக்கிற வாயு கிளம்பும். ஒற்றிய துணியைத் தூக்கிப் போடாமல் வெளியே உன் மூலையில் வை. அடுத்த முறை அந்த வாசனையே இடத்தைக் காட்டும்.

9. மழை ராத்திரிக்கு மணல் வைத்துக்கொள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது மனுஷனே வாசலில் நிற்க முடியவில்லை, குட்டி எங்கே போகும்? ஐப்பசி பிறக்குமுன்னே ஒரு பழைய அன்னக்கூடையில் மணல் நிரப்பித் தாழ்வாரத்தில் வை. கொல்லை இல்லாத வீட்டுக்கும், வரிசை வீட்டுக்கும் எந்த நாளும் இதுதான் வழி. ஒன்று மட்டும் நினைவில் வை. மணலில் பழகிய குட்டி மணலைத் தேடியே போகும், பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்டக் கொட்டிய மணலையும் சேர்த்து.

10. குட்டியின் காதைச் சோதித்துப் பார். யாராவது ஆசைப்பட்டு வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் குட்டி வாங்கி வந்தால், அது தூங்கும்போது பின்னாலிருந்து கைதட்டு. அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. காது கேட்காத குட்டியை அதட்டி என்ன பயன்? தொட்டு எழுப்பு, கையால் சைகை காட்டு, டார்ச் வெளிச்சத்தால் கூப்பிடு. சிப்பிப்பாறை என்றால் ரோமம் குட்டை, தோல் மெல்லிசு. தைக்குளிரில் பழைய புடவையை இரண்டாக மடித்துப் போர்த்து.

11. தெரு பொறுக்கட்டும். தடுப்பூசிகள் முடிய ஏறக்குறைய நாலு மாதம் ஆகும். அதுவரை ஊர் நாய்கள் புழங்குகிற இடத்தில் குட்டியை இறக்காதே. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வாந்தியும் ரத்தக்கழிச்சலும் கண்டால் விடியட்டும் என்று பார்க்காமல் மருத்துவரைத் தேடு. கால்மணிக்கு ஒருமுறை முக்கி முக்கிச் சொட்டு விட்டால் அது அடம் இல்லை, மூத்திரப்பையில் நோய். வெறிநாய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதம் மறக்காதே. வளர்ந்த பிறகும் ராத்திரியில் கடற்கரையில் அவிழ்த்து விடாதே. தை முதல் பங்குனி வரை ஆமை கரையேறி முட்டையிடும் காலம், நாய் ஒரே ராத்திரியில் ஒரு குழியைக் கிளறித் தின்றுவிடும்.

12. நடுவில் ஒருநாள் தவறினால் மனம் விடாதே. பத்து நாள் சுத்தமாக இருந்த குட்டி பதினோராம் நாள் நனைக்கும். உப்பளத்திலும் இப்படித்தான். தண்ணீரின் உப்படர்த்தியை டிகிரியில் அளப்போம். கடல் தண்ணீர் 3 டிகிரி இருக்கும், வெயிலில் காய்ந்து 25 டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு விளையும். நடுவில் ஒரு கோடைமழை பெய்தால் டிகிரி இறங்கிவிடும். அதற்காக எவனும் பாத்தியைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனதில்லை. மேல்தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி காத்திருப்போம்.

என் ஆறாவது நாய்க்கு இப்போது ஒன்பது வயது. ராத்திரி ஒரு மணிக்கு இன்றைக்கும் நான் எழுகிறேன். அதற்கு அவசியமில்லை, எனக்குத்தான். கட்டில் கிறீச்சிட்டதும் காதைத் தூக்கிப் பார்க்கும், சோம்பல் முறித்து எழும், எனக்கு முன்னால் கொல்லைக்கு நடக்கும். நான் முடித்துத் திரும்பும்வரை அந்தப் பழைய மூலையில் அசையாமல் நிற்கும்.