பிள்ளை கண்ணை வெட்டுகிறதா? ஏசுவதற்கு முதல் இதை வாசியுங்கள்



போன குளிர்காலத்தில் லில்லெஸ்ட்ரோமில் எங்களுடைய ஆலோசனை நேரத்துக்கு ஒரு தகப்பன் வந்திருந்தார். யூ.டி.ஐ. அனுப்பின கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்தி முடித்தேன். அவர் எழும்பவில்லை. "ரீச்சர், இன்னொரு விஷயம்" என்று மெதுவாகத் தொடங்கினார்.

அவருடைய மகனுக்கு ஏழு வயது. மொட்டாக்குக்கு வந்து கொஞ்ச நாளில் கண்ணை அடிக்கடி இறுக்கிச் சிமிட்டத் தொடங்கினான். பிறகு மூக்கைச் சுருக்கினான். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான். "ஏசிப் பாத்தன். ஒரு நாள் அடிச்சும் போட்டன். இப்ப இன்னும் கூடிப்போச்சு" என்றார். தாய்க்கு, பயணத்தில் பிள்ளை பயந்ததுதான் காரணம் என்ற கவலை. ஊரில் அம்மம்மா கண்ணூறு என்று சொல்லி நூல் அனுப்பியிருக்கிறா.

இதே கதையை வேறு வேறு வீடுகளில் பலமுறை கேட்டுவிட்டேன். ஆகவே இந்த முறை பாடம் இதுதான்.

டிக்ஸ் என்றால் என்ன?

திடீரென்று, சடுதியாக, திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சத்தத்துக்கு நோர்வேயில் "டிக்ஸ்" என்று சொல்வார்கள். கண் சிமிட்டுதல், மூக்கைச் சுருக்குதல், வாயைக் கோணுதல், கழுத்தை வெட்டுதல், தோளைக் குலுக்குதல் எல்லாம் அசைவு டிக்ஸ். செருமுதல், மூக்கை உறிஞ்சுதல், சின்னதாய்க் கத்துதல் எல்லாம் சத்த டிக்ஸ்.

இது அரிதான ஒன்றல்ல. பள்ளிக்கூட வயதில் ஐந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு வரைக்கும் ஏதோ ஒரு காலத்தில் வந்து போகலாம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளில் கூட. பல அசைவுகளும் குறைந்தது ஒரு சத்தமும் இருந்து, அது ஒரு வருசத்துக்கு மேல் நீடித்தால் "டூரெட்" என்று பெயர் வைப்பார்கள். 1885இல் பாரிஸில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய ஜில் தெ லா டூரெட் என்ற வைத்தியரின் பெயர் அது. டூரெட் என்றால் கெட்ட வார்த்தை பேசும் வருத்தம் என்று சிலர் பயப்படுவார்கள். அப்படி வருவது சிறு பங்கினருக்கு மட்டுமே.

வேணுமென்று செய்கிறதா?

இல்லை. ஆனால் பெற்றோர் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று எனக்கு விளங்குகிறது. "நிப்பாட்டு" என்றால் பிள்ளை கொஞ்ச நேரம் நிப்பாட்டும். அப்ப ஏலும்தானே என்று நாங்கள் யோசிக்கிறோம்.

தும்மலை நினைத்துப் பாருங்கள். வருகிற தும்மலைக் கொஞ்சம் அடக்கலாம், மூக்கு அரித்துக்கொண்டே இருக்கும். டிக்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். வளர்ந்த பிள்ளைகள் பலர், முதலில் உள்ளே ஒரு உந்துதல் வரும், செய்தால்தான் அது அடங்கும் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க அடக்கின பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டும். அது உங்களுக்குப் பழிப்புக் காட்டுவதல்ல. வீட்டில் பயமில்லை என்பதால் வருவது.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். ஊரில் நான் படிப்பித்த காலத்தில் என் வகுப்பில் ஒரு பெடியன் செருமிக்கொண்டே இருப்பான். நான் பகிடி என்று நினைத்து அவனை வாங்கில் ஏற்றி நிற்க வைத்தேன். நின்ற இடத்திலும் செருமினான், மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் ஏன் நிப்பாட்டவில்லை என்பது பல வருசம் கழித்து, இங்கே வந்து படித்தபோதுதான் விளங்கியது. நான் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம்.

வருவதும் போவதும்

இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

டிக்ஸ் ஒரே அளவில் நிற்பதில்லை. சில கிழமை கூடும், பிறகு குறையும், சில மாதம் காணாமலே போகும், திரும்பவும் வரும். இடமும் மாறும்: கண் சிமிட்டுவது நின்று தோள் குலுக்குவது தொடங்கலாம். புதிதாக ஒன்று வந்தால் வருத்தம் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் இயல்பே அப்படி.

வயதோடு பார்த்தால் பொதுவாக இப்படி இருக்கும்:

- 5 தொடக்கம் 7 வயதளவில், பெரும்பாலும் கண்ணிலும் முகத்திலும் தொடங்கும்.
- பலருக்கு ஒரு வருசத்துக்குள் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும்.
- நீடிக்கும் பிள்ளைகளுக்கு 10 தொடக்கம் 12 வயதளவில் ஆகக் கூடுதலாக இருக்கும்.
- அதன் பிறகு, பதின்ம வயதில் பெரும்பாலும் குறைந்துகொண்டு போகும்.
- டூரெட் உள்ளவர்களிலும், வளர்ந்த பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அனேகமாக இல்லாமல் போகும், இன்னொரு பங்கினருக்கு நன்றாகக் குறையும், மிச்சப் பேருக்குத் தொடரும்.

தொடர்ந்தாலும் வாழ்க்கை நிற்பதில்லை. 2014 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவின் கோல் காப்பாளராக விளையாடிய டிம் ஹவார்டுக்கு டூரெட் இருக்கிறது. கால்பந்து பார்க்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

நூல் கட்டினதால் சுகமானதா?

நாங்கள் எப்போது வைத்தியம் தேடுகிறோம்? டிக்ஸ் ஆகக் கூடி நிற்கும்போது. கூடினது தானாகவே குறையும் காலம் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் அதுதான் சுகப்படுத்தியது போலத் தெரியும். நூல் கட்டினவர் நூல் என்பார், அடித்தவர் அடி என்பார், சீனியை நிப்பாட்டினவர் சீனி என்பார்.

நூல் கட்டுவதால் பிள்ளைக்குக் கெடுதி இல்லை. அம்மம்மாவின் மனதையும் நோகப்பண்ண வேண்டாம். ஆனால் அடிதான் சுகப்படுத்தியது என்று நம்பினால், திரும்ப வரும்போது திரும்ப அடிப்பீர்கள். அது ஆபத்து. நோர்வேயில் 1987 முதல் பெற்றோர் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

யாருடைய பிழை?

யாருடைய பிழையுமில்லை. அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளின் வேலையில் உள்ள வித்தியாசம் இது. பரம்பரையாகவும் வரும். உங்களுடைய அண்ணனோ தகப்பனோ சின்ன வயதில் கண் வெட்டினவரா என்று கேட்டுப் பாருங்கள். பயணமும் பயமும் டிக்ஸை உருவாக்கும் அடிப்படைக் காரணம் அல்ல. ஆனால் களைப்பு, பதற்றம், நித்திரைக் குறைவு, கூடின சந்தோசம்கூட அதைக் கூட்டும். நேர்காணல் கிழமையிலும், அறை மாறும்போதும், பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் கூடினால் ஆச்சரியப்படாதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

- டிக்ஸைக் கண்டும் காணாமல் விடுங்கள். "செய்யாதே" என்று சொல்லச் சொல்லக் கூடும்.
- மற்ற ஆட்களுக்கு முன்னால் அதைப் பற்றிக் கதைக்காதீர்கள், செய்து காட்டாதீர்கள்.
- பிள்ளை கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்: "இது டிக்ஸ். நிறையப் பிள்ளைகளுக்கு வாறது. உன்ர பிழை இல்லை."
- ஒரே நேரத்தில் நித்திரைக்கு விடுங்கள். மொட்டாக்கில் ஒரு அறையில் இருந்தாலும் இரவில் ஃபோனையும் சத்தத்தையும் குறைக்கலாம்.
- எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். ஃபோனில் ஒரு சின்ன வீடியோவும் எடுத்து வையுங்கள். வைத்தியருக்கு முன்னால் பிள்ளை ஒன்றும் செய்யாமல் இருக்கும், அது வழமை.

பள்ளிக்கூடத்தில்

ஆசிரியருக்கு முதல் நாளே சொல்லுங்கள். மொழி வராவிட்டாலும் இந்த இரண்டு வசனம் போதும்:

"ஹான் ஹார் டிக்ஸ். ஹான் யோர் டே இக்கே மெ வில்யே."

அவனுக்கு டிக்ஸ் இருக்கிறது, அவன் வேணுமென்று செய்யவில்லை என்று அர்த்தம். மகள் என்றால் "ஹான்" வருகிற இடத்தில் "ஹுன்" என்று சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணினால் உடனே அறிவியுங்கள். பாதுகாப்பான பள்ளிச் சூழல் இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டப்படி உரிமை. விசா முடிவு வராத பிள்ளைக்கும் அது உண்டு.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

டிக்ஸால் பிள்ளைக்கு நோவு வந்தால், படிப்போ நித்திரையோ குழம்பினால், பள்ளிக்கூடம் போக வெட்கப்பட்டால், ஒரு வருசத்துக்கு மேல் போனால் காட்டுங்கள். கவனம் நிற்காமை, துடியாட்டம், ஒரே எண்ணமும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வருதல் ஆகியவை டிக்ஸோடு சேர்ந்து வருவதுண்டு. பல வீடுகளில் அவைதான் டிக்ஸைவிடப் பெரிய சிரமம். அவற்றையும் சொல்லுங்கள்.

பின்வருபவை டிக்ஸாக இல்லாமல் இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்: கூப்பிட்டால் கேட்காமல் வெறித்துப் பார்த்தபடி இருத்தல், நினைவு தப்புதல், கை கால் சோர்தல், தொண்டை நோவு வந்து சில கிழமைக்குப் பிறகு கை கால் கட்டுப்பாடில்லாமல் அலைதல். அவசரமென்றால் 113. பொறுக்க ஏலாது, ஆனால் உயிராபத்து இல்லை என்றால் லேகேவாக்ட், 116117.

முதலில் பள்ளிக்கூடத்துத் தாதி, அதாவது ஹெல்சேசீக்கப்லையரிடம் போகலாம், காசு இல்லை. அல்லது ஃபாஸ்ட்லேகே என்ற உங்கள் குடும்ப வைத்தியர். உங்களுக்கு அவர் இன்னும் இல்லையென்றால் மொட்டாக் பணியாளரிடம் கேளுங்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வைத்தியர் கட்டணம் இல்லை. தேவையென்றால் அவர் பூப் என்ற பிள்ளைகளுக்கான சிறப்புப் பிரிவுக்கு அனுப்புவார். அங்கே முதலில் கொடுப்பது மருந்தல்ல, பயிற்சி. உந்துதல் வரும்போது அதற்கு எதிரான வேறு ஒரு அசைவைச் செய்யப் பழக்குவார்கள். மருந்து கடுமையான நிலைக்குத்தான்.

மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். "டொல்க், தமிழ்" என்றால் போதும். அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. 2022 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் தம்பியின் வருத்தத்தைச் சொல்ல வைக்காதீர்கள்.

"வைத்தியரிட்டப் போனா கேஸ் பாதிக்குமா? பார்னவார்ன் பிள்ளையைக் கொண்டு போகுமா?" என்று அந்தத் தகப்பனும் கேட்டார். வைத்தியருக்கு இரகசியம் காக்கும் கடமை இருக்கிறது. டிக்ஸ் இருப்பதற்காக யாரும் பிள்ளையைப் பிரிப்பதில்லை. உதவி தேடிப் போகும் பெற்றோர் நல்ல பெற்றோர் என்றே இங்கே பார்ப்பார்கள்.

அவர் வீட்டுக்குப் போய் மகனிடம், "அப்பா அடிச்சது பிழை" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு செருமல் குறைந்ததா என்று கேட்டேன். "குறைஞ்சது, பிறகு தோள் தொடங்கிச்சு. ஆனா இப்ப அவன் என்னட்ட வந்து சொல்லுறான்" என்றார். எனக்கு அது போதும்.

உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்க இருந்தால் ஆலோசனை நேரத்தில் வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த இதழில் சந்திப்போம்.